ஆறு கிலோ நிழலூர்

அம்மா, நீங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்துச் சிரித்தீர்களே, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது நான்தான். எனக்குச் சேலை கட்டவே தெரியவில்லை என்று சித்தி சொன்னாளாம். நிலாவில் கொசுவம் சொன்னபடி கேட்காது. ஒவ்வொரு அடிக்கும் குடை மாதிரி விரியும். ஓரத்தில் இரும்புத் துண்டுகளை வைத்துத் தைத்துத்தான் அந்த அளவுக்காவது நின்றது. இதை முதலில் சித்தியிடம் சொல்லிவிடு.

மற்றதை முதலிலிருந்து சொல்கிறேன். கோவில்பட்டியில் யாராவது கேட்டால் நீ சரியாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது நிலாவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பெரிய பள்ளத்துக்குள். கம்பெனி இதற்கு ஏழாம் தளம் என்று பெயர் வைத்திருந்தது. கம்பெனியை அனுப்பிவிட்ட பிறகு நாட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கூட்டம் போட்டோம். நாலாயிரம் பேர், பத்துப் பன்னிரண்டு மொழி. யார் சொன்ன பெயரும் இன்னொருவர் வாயில் நுழையவில்லை. கடைசியில் ‘நிழலில் இருக்கும் ஊர்’ என்பதை அவரவர் மொழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது. தமிழில் நிழலூர். சுதந்திர தினத்தன்று கேண்டீனில் பாசி மாவில் கேசரி கிண்டினார்கள். பச்சைக் கேசரி. எல்லாரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் பூமியில் இருக்கும் எல்லா நாடுகளுக்கும் செய்தி அனுப்பினோம். இனி நாங்களும் ஒரு நாடு, அன்புடன் நிழலூர் மக்கள். ஒரு வாரம் காத்திருந்தோம். ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் இயந்திரம் அனுப்பியது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’

எங்கள் தலைவர் கில்பர்ட் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். கிரேன் ஓட்ட வந்து, தொழிற்சங்கச் செயலாளராகி, போராட்டம் முடிந்தபோது எப்படியோ நாட்டுத் தலைவராக நின்றுகொண்டிருந்தார். பதில் வராவிட்டால் என்ன, நாம் நாடு என்று நாமே சொல்லிவிட்டோமே என்று நான் அவரிடம் கேட்டேன்.

“ஒருத்தன் ரோட்டுல நின்னு நான்தான் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டா ஆச்சா?” என்றார். “பொண்ணு வீட்டுக்காரன் ஒருத்தனாவது ஆமான்னு சொல்லணும்லா. ஒரே ஒரு நாடு சொன்னா போதும் செவ்வந்தி. அந்த ஊர்ல நம்ம விண்வெளி ஓடம் இறங்கலாம். நம்ம குடுக்குற பேப்பர் செல்லும்.”

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கொடைக்கானல்ல ஓட்டல் வரவேற்புல நின்னவதானே?”

“ஒன்றரை வருசம் அண்ணாச்சி.”

“போதும். வெளியுறவுத் துறை ஒனக்கு.”

அப்படித்தான் அம்மா உன் மகள் அதிகாரியானாள். அலுவலகம் என்று பழைய பூட்ஸ் வைக்கும் அறையைக் கொடுத்தார்கள். இன்னும் அந்த வாடை போகவில்லை.

இதெல்லாம் எனக்கு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஷெரினுக்கு அப்படி இல்லை. ஷெரினை உனக்குத் தெரியும். என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி, வீடியோவில் உன்னிடம் மீன் குழம்புக்குப் பக்குவம் கேட்டாளே, அவள்தான். அவள் புருஷன் ஜோயல் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். இவளும் கிளம்பியிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு ஓடத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுதந்திரம் வந்த மறுநாள் லிடியா பிறந்தாள். நிழலூரில் பிறந்த முதல் குடிமகள். மாலையெல்லாம் போட்டோம், நூலில் கோத்த காளான் மாலை.

ஒரு மாதம் கழித்துத்தான் சிக்கல் புரிந்தது. ஷெரினிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, அவள் எப்போது வேண்டுமானாலும் ஓடத்தில் ஏறலாம். லிடியாவுக்கு எதுவும் இல்லை. அவள் பிறந்ததற்கு நாங்கள் சான்றிதழ் கொடுத்தோம். கீழே எந்த அலுவலகத்தில் காட்டினாலும், நிழலூர் என்று ஒன்று இல்லையே, இல்லாத ஊர் கொடுத்த சான்றிதழ் எப்படிச் செல்லும் என்று கேட்டார்கள். கம்பெனியைக் கேட்டால், அந்தத் தேதியில் அது எங்கள் இடமில்லை என்று கை விரித்தது. அதுவரை நாங்கள் என்ன சொன்னாலும் அது எங்கள் இடம்தான் என்று அடம்பிடித்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் சுதந்திரத்தை மதித்தார்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒரு வயது ஆவதற்குள் குழந்தை பூமிக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் எலும்பு இந்த ஊர் எலும்பாகவே இறுகிவிடும். பிறகு பூமியில் அவளால் எழுந்து நிற்க முடியாது. அப்பாவைப் பார்க்கப் போனாலும் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

“எனக்க புள்ள ஒரு தடவயாவது தரையில ஓடி விழணும் மக்ளே,” என்றாள் ஷெரின். “இங்க விழவே மாட்டேங்குது. மெதுவா எறங்குது.”

ஆக, எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நாடு. லிடியாவுக்கு ஒரு வயது ஆவதற்குள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த நாளிலிருந்து உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லாமலே விட்டது.

இங்கே பனிக்கட்டி உண்டு. உலோகம் உண்டு. உரம் மட்டும் கிடையாது. செடி வளர்க்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் பூமியிலிருந்து ஒரு காலத்தில் வந்தவை. அவையே சுற்றிச் சுற்றி வருகின்றன. தோட்டத்திலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து மறுபடி தோட்டத்துக்கு. ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனித் தோட்டம், தனித்தனித் தொட்டி. நீ இன்னொரு பிளாக்கில் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு உன் பிளாக்குக்கு வந்து பாத்ரூம் போனால், அவர்கள் கீரையை நீ தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய் என்று அர்த்தம். அதனால் இங்கே விருந்தாளி கிளம்புவதற்கு முன் அந்த வீட்டுப் பாத்ரூமுக்குப் போய்விட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்கு மிச்சம் வைப்பது என்று பெயர். “மிச்சம் வெச்சிட்டீங்களா?” என்று வாசலில் நின்று கேட்பது மரியாதை. வைக்காமல் போனால் வீட்டுக்காரர்களுக்கு மனசு விட்டுப்போகும். ஒரு பையன் ஒரு பெண் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை மிச்சம் வைத்தால் ஊரே அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும்.

முதல் மாதம் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது யார் வீட்டுக்காவது போவதென்றால் காலையிலிருந்தே அடக்கிக்கொள்கிறேன். பழகிவிட்டது.

ஊரின் பெரிய கதவும் அப்படித்தான். வருகிறவரை எடை போட்டு உள்ளே விடும், போகும்போது மறுபடி எடை போடும். வந்ததைவிட ஒரு கிலோவுக்குள் கூடியிருந்தால் கண்டுகொள்ளாது. அதற்கு மேல் கூடினால் சிவப்பு விளக்கு, சைரன். காரணம் சொல்லி, தலைவர் அனுமதி கொடுத்தால்தான் திறக்கும். காண்ட்ராக்ட் முடிகிறவர்கள் கடைசி மாதம் பட்டினி கிடந்து இளைப்பது இதற்காகத்தான். நான் வந்தபோது ஐம்பத்தொரு கிலோ. இப்போது ஐம்பத்து நாலு. சித்தியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கதவுக்கு அடங்காமல் போனது கம்பெனி ஒன்றுதான். முப்பது வருடம் எங்கள் தொட்டிகளில் காய்ந்ததைக் கட்டி கட்டியாக வெட்டி, பெட்டியில் அடைத்து, தன்னுடைய வேறு தளங்களுக்குக் கொண்டுபோனது. கடைசியில் எங்கள் தோட்டத்துக் கீரை மஞ்சளாகிவிட்டது. குழந்தைகளுக்கு ரத்தசோகை வந்தது. போராட்டம் ஆரம்பித்தது அதிலிருந்துதான். மற்ற நாடுகள் வரிக்காகச் சண்டை போட்டிருக்கும், கொடிக்காகச் சண்டை போட்டிருக்கும். நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்று உன்னிடம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறதா?

மூன்றாவது மாதம் ஒரு பெரிய நாட்டிலிருந்து தூதர் வருவதாகச் செய்தி வந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரே சந்தோஷத்தில் குதித்தது. இங்கே குதித்தால் கூரையில் தலை இடிக்கும், பலருக்கு இடித்தது.

தூதர் உயரமான மனிதர். கூடவே ஒரு பாதுகாப்பு அதிகாரி, அவர் கையில் பூட்டுப் போட்ட ஒரு வெள்ளிப் பெட்டி. விருந்துக்கு ஜிலேபிக் கெண்டைக் குழம்பு, காளான் வறுவல், முருங்கைக் கீரை. தூதர் குழம்பை மூன்று தடவை வாங்கினார். இரண்டு நாள் பேச்சு நன்றாக நடந்தது. காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி மட்டும் எல்லாவற்றையும் பழைய செய்தி அறிக்கை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது. கொள்கை அளவில் தமது அரசுக்கு மறுப்பேதும் இல்லை என்று தூதர் தெரிவித்துக்கொண்டார். ஷெரின் லிடியாவுக்குக் குட்டிச் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிளம்பும் நேரம். நாங்கள் எல்லாரும் கதவருகே வரிசையாக நின்றோம். தூதர் கதவின் எடை மேடையில் ஏறினார், பச்சை விளக்கு. அதிகாரி பெட்டியோடு ஏறினார், ஒன்றரைக் கிலோ கூடுதல். சிவப்பு. சைரன்.

கில்பர்ட் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கைகூப்பினார். “மிச்சம் வெக்க மறந்துட்டீங்க போல. பரவாயில்ல, உள்ள வாங்க, நேரம் இருக்கு.”

கருவி இதைத் தூதர் காதில் என்ன சொன்னதோ, அவர் முகம் வெளுத்தது. அதிகாரி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெரிய நாட்டு ஆட்கள் வெளியூர் போனால் அவர்கள் கழிவை அங்கே விட்டுவரக் கூடாதாம். அதைச் சோதித்துப் பார்த்தால் ஆளுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று தெரிந்துவிடுமாம். அதனால் எல்லாவற்றையும் உறைபோட்டு அந்த வெள்ளிப் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோகிறார்கள்.

யோசித்துப் பார் அம்மா. அவர்கள் பார்வையில் நாங்கள் உளவு பார்க்கிறோம். எங்கள் பார்வையில் அவர்கள் விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தைத் திருடிக்கொண்டு போகிறார்கள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார் அண்ணாச்சி. தூதரகப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, அது உலகச் சட்டம் என்றார் அதிகாரி. எங்கள் கதவுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்றார் அண்ணாச்சி. நான் நடுவில் நின்று இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்க்காதது, அண்ணாச்சி திரும்பி வரிசையின் கடைசியில் பிள்ளையோடு நின்ற ஷெரினைப் பார்த்தது. ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் ஒருவேளை எல்லாம் சரியாகியிருக்கும்.

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் தூதரிடம். “கம்பெனிக்காரனும் முப்பது வருசம் இப்படிப் பெட்டியிலதான் எடுத்துட்டுப் போனான்.”

பத்து நாளில் அந்த நாட்டின் அறிக்கை வந்தது. அந்தப் பகுதி மக்கள் நாகரிக அரசாக நடந்துகொள்ள இன்னும் காலம் ஆகும் என்று. காட்சி பூமி முழுக்க ஓடியது. எங்கள் பெயர் எல்லாருக்கும் தெரிந்துபோனது, எந்தக் காரணத்துக்காக என்பதுதான் சங்கடம். கூடவே வர நினைத்த இரண்டு நாடுகள் பின்வாங்கின. ஷெரின் சட்டைகளை மறுபடி அலமாரியில் வைத்தாள். என்னிடம் பேசவில்லை. அண்ணாச்சியோடும் பேசவில்லை. ஒரே அறையில் பேசாத ஒருத்தியோடு இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீயும் சித்தியும் ஒரு தீபாவளி முழுக்க அப்படி இருந்தீர்கள்.

லிடியாவுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது இன்னொரு செய்தி வந்தது. பசிபிக் கடலில் ஒலெவா தீவுகள் என்று ஒரு நாடு. மொத்தம் ஒன்பதாயிரம் பேர். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் அதைவிடக் கூட்டம் வரும். அவர்களின் தூதர் வருகிறார், திருமதி தெமாயா. அன்றைக்கு ஷெரின் என்னிடம் பேசினாள்.

“அந்தக் கதவ ஒரு மணி நேரம் தூங்க வை மக்ளே. ஒனக்க காலுல விழணும்னா விழுதேன்.”

நான் அண்ணாச்சியிடம் போனேன். வந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனாலும் இந்த ஒரு தடவை வாயைத் திறக்கக் கூடாது, கதவையும் நிறுத்திவிடலாம் என்றேன். கம்பெனி முதல் தடவை எடுத்தபோதும் இந்த ஒரு தடவை என்றுதான் சொன்னது என்றார். பிறகு லிடியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தவழ்கிறாள் என்றேன்.

“சத்தத்த வேணா நிறுத்து,” என்றார். “கணக்க நிறுத்தாத. நான் வாயத் தெறக்கல.”

திருமதி தெமாயாவுக்கு அறுபது வயது இருக்கும். குள்ளம். தோளில் ஒரு மீன்வலைப் பை, கையில் கனமான ஒரு மரப் பெட்டி. இன்னொரு பெட்டி. விருந்தில் அவர் ஜிலேபிக் கெண்டையின் தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்ததும் வியாபாரம், ஒப்பந்தம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. இங்கே தரை அசையுமா என்று கேட்டார். அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டார். பிறகு கருவி, செய்தி வாசிக்கும் குரலில், “இவ்விடத்தில் வெள்ளப்பெருக்கு ஏற்படுவதுண்டா?” என்றது.

அறையே சிரித்தது. நிலாவில் வெள்ளமா? அவரும் சிரித்தார், ஆனால் நாங்கள் சிரித்து முடித்த பிறகு.

கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் என் பக்கம் குனிந்தார். கருவி இல்லாமல், யாரிடமோ மனப்பாடம் செய்துவந்த தமிழில் கேட்டார்.

“பாத்ரூம் எங்கே?”

நான் வழி காட்டினேன். அவர் உள்ளே போய் வரும்வரை கேண்டீனில் நூறு பேர் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நடித்தோம். கில்பர்ட் அண்ணாச்சி மட்டும் நடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவு மேடையில் ஏறினார் தெமாயா. சத்தத்தை நான் நிறுத்தியிருந்தேன், விளக்கு மட்டும் எரிந்தது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. நான் பார்த்தே இராத ஒரு மஞ்சள். திரையில் ஓர் எண், அதற்கு முன்னால் கழித்தல் குறி. வந்ததைவிடப் பன்னிரண்டு கிலோ குறைவாகப் போகிறார். இந்தக் கதவு வைத்ததிலிருந்து அப்படி யாரும் போனதில்லை.

மரப் பெட்டி. விருந்து மேசைக்கு அடியில் இருந்தது. அண்ணாச்சி தாவித் தாவி ஓடிப்போய் எடுத்துவந்தார்.

“அம்மா, பெட்டிய மறந்துட்டீங்க.”

“மறக்கவில்லை,” என்றது கருவி. “விட்டுச் செல்கிறேன். திறந்து பாருங்கள்.”

உள்ளே மண். கறுப்பும் வெள்ளையுமாக, கடல் வாடையோடு. வருடக்கணக்காகப் பூமி மண்ணைப் பார்க்காத ஆட்கள் அதைத் தொட்டுப் பார்க்க முண்டினார்கள்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன், கருவியின் தமிழில் சொன்னால் உனக்குத் தூக்கம் வரும். அவர்கள் தீவுகள் மூழ்குகின்றன. இன்னும் பதினைந்து, இருபது வருடம். மக்களை எங்காவது குடியேற்றிவிடலாம், பல நாடுகள் இடம் தரச் சம்மதித்திருக்கின்றன. ஆனால் நிலம் இல்லாத நாட்டைச் சட்டம் நாடு என்று ஒப்புக்கொள்ளாது. கடைசித் தீவு மூழ்கும் அன்று கொடி, ஓட்டு, அவர்களைச் சுற்றியிருக்கும் கடலின் மீதான உரிமை, எல்லாம் போய்விடும். எத்தனையோ நாடுகளிடம் கையளவு நிலம் கேட்டார்கள். வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். சொந்தமாகத் தர ஒருவரும் தயாரில்லை.

“எங்களுக்கு அங்கீகாரம் உண்டு, நிலம் இல்லை. உங்களுக்கு நிலம் உண்டு, அங்கீகாரம் இல்லை. ஓர் அறை தாருங்கள். இந்த மண்ணை அதில் பரப்புங்கள். எங்கள் நாடு அங்கே இருக்கட்டும்.”

அண்ணாச்சி ஏன் எங்களைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார். பூமி முழுக்க எங்களைப் பார்த்துச் சிரிக்கிறதே.

“நானும் சிரித்தேன்,” என்றார் தெமாயா. “பிறகு யோசித்தேன். ஒன்றரைக் கிலோவுக்காக ஒரு பெரிய நாட்டையே பகைத்துக்கொண்டவர்கள், நாங்கள் விட்டுச் செல்வதை ஒருபோதும் தொலைக்க மாட்டார்கள்.”

அன்றைக்கே ஒலெவா தீவுகள் நிழலூரை அங்கீகரித்தன. பூமியில் மறுபடி சிரித்தார்கள். மூழ்குகிறவனும் மிதக்கிறவனும் கைகுலுக்கினார்கள் என்று யாரோ படம் போட்டிருந்தார்களாம். எங்களுக்குக் கவலையில்லை. அந்தத் தீவில் ஓடம் இறங்க ஒரு தளம் இருக்கிறது, அங்கே எங்கள் சான்றிதழ் செல்லும். ஜோயல் அங்கே போய்க் காத்திருக்கலாம், அவர்கள் முத்திரையோடு குழந்தையை ஊருக்குக் கூட்டிவரலாம். தீவு நாட்டுக்காகப் பூட்ஸ் அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து மண்ணைப் பரப்பினோம். சந்தனம் பூசிய மாதிரி, அவ்வளவு மெல்லிசாக. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அங்கே நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள்.

போன வாரம் ஓடம் வந்தது. ஷெரின் லிடியாவைத் துணியில் கட்டி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, நாலாயிரம் பேரிடமும் விடைபெற்றாள். அத்தனை பிளாக்கிலும் சாப்பிடச் சொன்னார்கள், அத்தனை பிளாக்கிலும் மிச்சம் வைக்க முடியாது என்று மறுத்துவிட்டாள். மேடையில் ஷெரின் முதலில் தனியாக ஏறினாள். பால் கொடுத்தே இளைத்திருந்தாள், பச்சை. பிறகு லிடியாவை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

சிவப்பு.

சத்தத்தை நான் மறுபடி போட்டிருந்தேன். சைரனைக் கேட்டு லிடியா அழ ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள், வந்த எடையோடு போவார்கள். லிடியா இந்தக் கதவு வழியாக உள்ளே வரவே இல்லை. அவள் உள்ளங்கால் முதல் உச்சிவரை எங்கள் கீரை, எங்கள் மீன், எங்கள் தொட்டி. முழு ஆறு கிலோவும் நிழலூர். கதவைப் பொறுத்தவரை, ஷெரின் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகிறாள்.

எல்லாரும் கில்பர்ட் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் திரையைப் பார்த்தார்.

“இவ வாசல் வழியா வரல்ல அண்ணாச்சி,” என்றாள் ஷெரின். “எனக்க வயித்து வழியா வந்தா.”

“தெரியும் தாயி.”

தீவு மண் பன்னிரண்டு கிலோ கூடுதலாக வந்திருக்கிறதே, அதில் கழித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அது அவர்கள் நாடு, அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை என்றார் அண்ணாச்சி. கதவோ காரணம் கேட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்த காரணங்கள் மூன்று: விற்பனை, கழிவு, பரிசு. பரிசு என்று போட்டுவிடலாம் என்றேன் நான்.

“பரிசுன்னு குடுத்தா திரும்ப வராதுலா,” என்றார். தாடையைச் சொறிந்தார். “செவ்வந்தி, அந்தம்மா மண்ணு போட்ட ரூமுக்கு சட்டத்துல என்ன பேரு?”

“தூதரகம் அண்ணாச்சி. இங்க இருந்தாலும் அவங்க மண்ணு.”

“அப்போ இவ அங்க இருந்தாலும் நம்ம மண்ணுதானே?”

அவர் திரைக்கு முன்னால் போய் நின்று, நாலாவதாக ஒரு காரணத்தைத் தன் வாயால் சொல்லிச் சேர்த்தார். தூதர். சைரன் நின்றது. லிடியாவும் அழுகையை நிறுத்தி, சத்தம் எங்கே போனது என்று தேடினாள். விளக்கு பச்சையானது. எங்கள் நாட்டின் முதல் தூதர், தன் அம்மாவின் தாலிச் செயினை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே கதவைத் தாண்டிப் போனார்.

இன்று காலை தகவல் வந்தது, தீவில் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். முதல் நாளே தரையில் தொப்பென்று விழுந்தாளாம். ஷெரின் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

நான் எப்போது வருவேன் என்று நீ கேட்பாய். என் எலும்பு இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் பயப்படாதே. நான்தான் பயப்படுகிறேன், வழக்கம் போல. இப்போது இன்னும் மூன்று தீவு நாடுகள் பெட்டியோடு வரப்போகின்றன, அவர்களுக்கு அறை காட்ட ஆள் வேண்டும். அதை முடித்துவிட்டு, மூன்று கிலோ இளைத்ததும் கிளம்பிவிடுகிறேன்.

அதற்கு முன்னால், அடுத்த மாதம் நாகர்கோவில் போகும் வழியில் ஷெரினும் லிடியாவும் கோவில்பட்டியில் இறங்கி நம் வீட்டுக்கு வருவார்கள். மீன் குழம்பு வை. வயிறு நிறையப் போடு. கிளம்பும் நேரத்தில் ஷெரின் உன்னிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்பாள். அவசரம் என்று நினைத்துக்கொள்ளாதே. சித்தியைச் சிரிக்க விடாதே. வழி காட்டிவிட்டு, அவள் வெளியே வரும்வரை வாசலில் நின்று காத்திரு.